போல்ட்டுக்கு நகம் வெட்டிய கதை

எனக்கு நாய் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தக் கதையைப் படித்துவிட்டு யாராவது ஒரு குட்டியைத் தூக்கிவந்து என் கடை வாசலில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

கவரைப்பேட்டை ஸ்டேஷனை ஒட்டிய சந்தில் எனக்கு ரீசார்ஜ் கடை. ஷிப்ட் விடுகிற நேரத்தில் நிற்க இடமிருக்காது, மற்ற நேரத்தில் ஈ ஓட்டலாம். கடைக்குப் பின்னால் என் வீடு. அதற்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் இருப்பவர்கள் ஹெலன், அவள் புருஷன் தாவீது, அவர்களுடைய நாய் போல்ட்டு. பிள்ளை இல்லாத வீடு. அதனால் சத்தமும் இல்லாத வீடு என்று நினைத்து நான் இத்தனை வருஷம் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் சர்ச்சிலிருந்து வந்து கொஞ்ச நேரம்தான் இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு அலறல் கேட்டது. மனிதனா மிருகமா என்றே தெரியவில்லை. வெட்டுக்குத்து ஏதோ நடந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன்.

உள்ளே தாவீது நின்றான். முழங்கை வரைக்கும் வெல்டிங் கையுறை, கண்ணில் கம்பெனிக் கண்ணாடி, காலில் இரும்பு முனை வைத்த ஷூ. அவனோடு குடோனில் காவல் வேலை பார்க்கிற சின்னராசுவும் அதே கோலம், கூடவே தலையில் ஹெல்மெட். இரண்டு பேரும் ஒரு கோணிப்பையைத் தரையோடு அமுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோணிக்குள்ளிருந்துதான் அலறல். கோணிக்கு வெளியே ஒரே ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு எதிரே ஹெலன், கையில் நகம் வெட்டுகிற கத்தரியோடு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாப்பா இது? நாய்க்கு நகம் வெட்றீங்களா, இல்ல பர்னஸ்ல இரும்பு அள்றீங்களா?" என்று கத்தினேன்.

சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு புத்தி உண்டு. எந்த வேலையானாலும் முதலில் கையுறையைத் தேடுவார்கள், அப்புறம் இறுக்கிப் பிடிக்க நாலு ஆளைத் தேடுவார்கள். தகடு என்றால் அது சரி. போல்ட்டு தகடு இல்லையே. அது கோணியிலேயே மூத்திரம் போய், கையுறையைக் கடித்து, எப்படியோ திமிறிக்கொண்டு கட்டிலுக்கடியில் போய் ஒடுங்கியது. பன்னிரண்டு வயதுக் கிழட்டு நாய், பல்லைக் காட்டி உறுமியது. அது உறுமி நான் பார்த்ததே இல்லை. என்னைப் பார்த்தால்கூட வாலாட்டுகிற மானம் கெட்ட நாய் அது.

ஆனால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது நாயால் அல்ல. ஹெலனின் கை. கத்தரி பிடித்திருந்த கை வெடவெடவென்று நடுங்கியது.

ஹெலனைத் தெரிந்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய அதிசயம் என்று புரியும். பொன்னேரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவள். வயலுக்குப் போக மாட்டேன் என்று வீம்பு பிடித்து, வயசுப்பெண்ணாக இருக்கும்போதே கம்பெனி பஸ் ஏறியவள். இப்போது தின்பண்டக் கம்பெனி ஒன்றில் பாக்கிங். எங்கள் சந்தில் சாக்கடையிலிருந்து நல்ல பாம்பு ஏறி வந்தபோது ஆம்பிளைகள் எல்லாரும் மாடிப்படியில் நின்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தோம். இவள் துணி துவைக்கிற கட்டையோடு வந்தாள், ஒரே அடி, போய்விட்டாள். என் தொண்டையில் மீன் முள் மாட்டி உயிர் போய் உயிர் வந்த அன்றைக்கு, என் பெண்டாட்டி ஈஸ்வரி சாமி பெயரைச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். ஹெலன் இரண்டு விரலை உள்ளே விட்டு முள்ளோடுதான் எடுத்தாள். அந்த விரல்கள் என் வாய்க்குள் போனபோது கொஞ்சமும் தயங்கவில்லை, அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அவளிடம் எனக்குப் புரியாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். சர்ச்சில் பெண்களுக்குத் தையல் மெஷின் கொடுத்தார்கள். கால் மிதித்துத் தைக்கிற நல்ல மெஷின். மற்றப் பெண்கள் பாவாடை, நைட்டி என்று தைத்துத் தள்ள, இவள் அதன்மேல் ஒரு துணியை விரித்து டீவியை வைத்துவிட்டாள். "ஏம்மா, இதை டீவி ஸ்டாண்டுன்னா குடுத்தாங்க?" என்று கேட்டு எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன். அவளும் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவள் ஒரு நாயின் நகத்துக்கு முன்னால் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

போல்ட்டுக்கு முன்பெல்லாம் நகம் வெட்ட வேண்டிய அவசியமே இல்லை. நாள் பூராவும் சர்வீஸ் ரோட்டில் சுற்றும், தார் ரோடே தேய்த்துவிடும். போன வருஷம் ஒரு டாடா ஏஸ் பின்னங்காலில் இடித்ததிலிருந்து வீட்டோடு கிடக்கிறது. டைல்ஸ் தரை, நடையும் குறைவு. நகம் வளர்ந்து, நடந்தால் டக்டக்கென்று சத்தம். அது பரவாயில்லை. முன்னங்காலின் உள்பக்கம் தரையில் படாமல் தொங்குகிற ஒரு நகம் உண்டே, அதுதான் வினை. தாவீது ஈரலைக் காட்டி மெதுவாக வெளியே வரவைத்து இடது காலைத் தூக்கிக் காட்டினான். நான் ஏன் பார்த்தேன் என்று ஆகிவிட்டது. நகம் கொக்கிபோல வளைந்து திரும்பி அதன் சதைக்குள்ளேயே போய்விட்டிருந்தது. முனை வெளியே தெரியவில்லை.

"இத்தை இவ்ளோ நாள் பாக்காம இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?" என்று இருவரையும் பிடித்துத் திட்டினேன்.

மறுநாள் ஆட்டோவில் பொன்னேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஆட்டோவின் ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டு உட்கார ஆள் வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். நாய் ஆகாதவனுக்கு நாய் மடியில். அந்த டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். மயக்க ஊசி போட்டு, உள்ளே போன நகத்தை எடுத்து, புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டார். அதற்கப்புறம்தான் குண்டைப் போட்டார்.

"வலது கால்லயும் அதே நகம் வளைஞ்சு வருது, பாருங்க. இன்னும் குத்தலை. நுனியைக் கொஞ்சம் கொஞ்சமா வெட்டிக்கிட்டே வரணும். அதுவும் குத்தி சீழ் பிடிச்சுதுன்னா விரலையே எடுக்கிற மாதிரி ஆயிடும்."

"விரலையா?" என்றான் தாவீது.

அந்த அறையில் அவன் குரல் எனக்கு வேறு யாருடையதோ போலக் கேட்டது. ஏன் என்று சொல்ல வேண்டும். தாவீதுக்கு வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கிடையாது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தகட்டை அமுக்கி வெட்டுகிற ஒரு பிரஸ் பட்டறையில் போனது. அந்தப் பட்டறையையும் அப்புறம் மூடிவிட்டார்கள். எங்கள் சந்துக்கே அந்தக் கதை தெரியும். வடக்கேயிருந்து வந்த ஒரு பையன், புதுசு, கவனமில்லாமல் மெஷினின் பெடலை மிதித்துவிட்டான், மிதித்த பயத்தில் அன்றைக்கே ரயில் ஏறி ஊருக்கு ஓடிவிட்டான். தாவீது அதைப் பற்றிப் பேச மாட்டான். வலது கையை எப்போதும் சட்டைப் பையிலோ துண்டுக்கடியிலோ வைத்திருப்பான். அவன் பேசாவிட்டால் என்ன, நான் பேசினேன். ரீசார்ஜுக்கு வருகிற வடக்கத்திப் பையன்களிடம் அந்தக் கதையைச் சொல்லி, "பாத்து வேலை செய்ங்கடா" என்று எரிந்து விழாத வாரம் கிடையாது.

"நீங்களே வெட்டிடுங்களேன் மேடம், மாசா மாசம் இட்டாந்துடறோம்" என்றாள் ஹெலன்.

"வயசான நாய்ம்மா, இதயம் பலமா இல்லை. ஒவ்வொரு தடவையும் மயக்க ஊசி போட்டா ஒருநாள் எழுந்திரிக்காமப் போயிடும். வீட்டிலதான் பழக்கணும். அமுக்காதீங்க. கையுறை, சாக்கு எதுவும் வேணாம். நாலு பேர் ஏறி அமுக்கினா நம்மளைக் கொல்லப் போறாங்கன்னுதான் அது நினைக்கும். முதல்ல சும்மா காலைத் தொடுங்க, ஒரு துண்டு ஈரல் குடுங்க, விட்டுடுங்க. அப்புறம் கத்தரியை மோந்து பார்க்க விடுங்க. அப்புறம் சத்தம் பழகட்டும். ஒரு நாளைக்கு ஒரு நகம் போதும். கறுப்பு நகம், உள்ளே ரத்தக்குழாய் எங்க முடியுதுன்னு தெரியாது, அதனால அரிசி அளவுக்கு நுனி மட்டும். வீட்டில அது யாரை அதிகமா நம்புது?"

ஹெலன் தாவீதைக் காட்டினாள். தாவீது ஹெலனைக் காட்டினான். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

"அப்ப ரெண்டு பேரும் சேர்ந்தே பண்ணுங்க. நீங்க பயந்தா அதுக்குத் தெரிஞ்சிடும், அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க."

ஹெலனாவது பயப்படுவதாவது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. முந்தின நாள் பார்த்த நடுக்கத்தை, பசி மயக்கம் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து மறந்துவிட்டிருந்தேன்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் தாவீது போல்ட்டின் தலையை இடது கையால் தடவிக்கொண்டே வந்தான். அந்த நாய் அவனுக்கு என்ன என்பது எனக்குத் தெரியும். விரல் போன புதிதில் அவன் வீட்டைவிட்டு வெளியே வராமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தான். ஹெலன் வேலை முடிந்து வரும் வழியில், பழைய இரும்புக் கடை வாசலில் போல்ட்டு நட்டு போட்டு வைத்திருந்த சாக்கில் கண் திறக்காத குட்டி ஒன்றைக் கண்டு, சோத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். அதற்குப் பால் புகட்டத்தான் அவன் எழுந்து உட்கார்ந்தான். இடது கையால் வேலை செய்யப் பழகியதே பாலாடையைப் பிடித்துத்தான். நாய் வெளிக்குப் போக வேண்டுமே என்று அவனும் வெளியே வந்தான். அந்த நாயின் விரலை எடுக்க வேண்டிவரும் என்று சொன்னால் அவனுக்கு எப்படி இருக்கும்?

மறுநாளிலிருந்து பழக்கம் ஆரம்பமானது. எனக்கும் ஒரு வேலை ஒதுக்கினார்கள். தினமும் சாயந்திரம் அவர்கள் வாசற்படியில் உட்கார்ந்து, நகக் கத்தரியால் விளக்குமாற்றுக் குச்சியை டக்கென்று வெட்ட வேண்டும். நான் ஒரு டக், ஹெலன் ஒரு துண்டு ஈரல். சத்தம் கேட்டால் ஈரல் வரும் என்று நாய்க்குப் பதிய வேண்டுமாம். கடையைப் போட்டுவிட்டு விளக்குமாறு வெட்டிக்கொண்டிருக்கிறான் என்று சந்தே என்னைப் பார்த்துச் சிரித்தது. ஒருநாள் பெருக்கப் போன ஈஸ்வரி, மொட்டையாகிக் கிடந்த விளக்குமாற்றை எடுத்து என் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

"இன்னா இது? பேஜாரு புடிச்ச மனுசா, உனுக்குத்தான் நாயே ஆவாதே!"

ஆனால் வேலை நடந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். முதலில் சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் ஓடிய நாய், கொஞ்ச நாளில் நான் விளக்குமாற்றோடு வந்தாலே நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தது. காலைத் தொட்டால் கொடுத்தது. விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தால்கூடச் சும்மா இருந்தது. கத்தரியை நகத்தின்மேல் வைத்து எடுத்தேன், கொட்டாவி விட்டது.

"அவ்ளோதான். இனிமே நீங்களே வெட்டிக்கிங்க, என்னை வுடுங்க" என்று எழுந்து வந்துவிட்டேன்.

அன்று ராத்திரியே மறுபடியும் அந்த அலறல்.

எனக்கு நம்பவே முடியவில்லை. என்னிடம் கொட்டாவி விட்ட நாய், தாவீது காலைப் பிடித்து ஹெலன் கத்தரியை எடுத்ததும் திமிறியிருக்கிறது. கத்தரி நகத்தில் படக்கூட இல்லையாம். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹெலன் கையையே கடிக்க வந்துவிட்டது. இதற்குள் வலது கால் நகம் நன்றாக வளைந்துவிட்டது. முனைக்கும் சதைக்கும் நடுவே ஒரு நூல்தான் போகும்.

"நீயே வெட்டுணா, உன்கிட்டதான் ஒழுங்கா கீது" என்றாள் ஹெலன்.

நானா? நாய் நகத்தில் ரத்தம் வரவைத்தால் அந்தப் பாவத்தை யார் சுமப்பது? "நான் இங்கயே உக்காந்து பாக்கறேன், நீங்க செய்ங்க. எங்க தப்பு நடக்குதுன்னு பாத்துச் சொல்றேன்" என்று பெரிய மனிதனாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

ஹெலன் ஈரல் கிண்ணத்தை நாய்க்கு எதிரே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். தாவீது இடது கையால் போல்ட்டின் வலது காலைப் பிடித்தான். வலது கை துண்டுக்கடியில். ஒரு கையால் பிடித்ததால் பிடி நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. நான் நாயைப் பார்த்தேன். நாய் கத்தரியைப் பார்க்கவே இல்லை. தலையைத் திருப்பித் தாவீதின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது எதைப் பார்க்கிறது என்று நானும் பார்த்தேன். தாவீது மூச்சு விடவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, முகமெல்லாம் வியர்த்து, கண்ணை இறுக்கி மூடியிருந்தான். அவனுக்கு அப்படிப் பயம் என்றால் ஹெலனுக்கு என்ன என்று அவளைப் பார்த்தேன். அவள் இடது காலை நீட்டி, வலது காலை மட்டும் மடக்கி அதன்மேல் முழு பாரத்தையும் போட்டு உட்கார்ந்திருந்தாள். காலை அசையவிடாமல் கட்டிவைத்தது போல. அந்தப் பாரத்துக்கடியிலும் அந்தக் கால் துடித்துக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா, காலு மரத்துப் போச்சா? ஏன் அதும்மேல குந்திக்கினு கீறே?" என்றேன். உண்மையிலேயே அவ்வளவுதான் கேட்டேன்.

கத்தரி தரையில் விழுந்தது.

"இந்தக் காலுதாண்ணா" என்றாள் ஹெலன்.

"எந்தக் காலு?"

"பெடலை மெதிச்ச காலு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது சாய்ந்திருந்த சுவரை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். தாவீது கண்ணைத் திறந்தான்.

"ஹெலனு, வுடு."

"இன்னா வுடு? பன்னெண்டு வருசமா வுட்டாச்சு. அண்ணே, அந்த மெஷின்ல அவருக்கு எதுத்தாப்ல நின்னது நான்தான். பாக்கிங்னு ஊருக்குச் சொல்லிக்கினு பிரஸ்ஸுல நின்னேன். இவுரு தகட்டை உள்ள வைப்பாரு, கையை எடுப்பாரு, ம்னு சொல்வாரு. நான் பெடலை மெதிப்பேன். அதான் வேலை."

"அப்ப அந்தப் பையன்?" என்றேன்.

"எந்தப் பையனும் இல்லணா" என்றான் தாவீது.

நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பையனுக்கு முகம்கூட இருந்தது என் மனதில். மெலிந்து, பயந்து, கையில் பையோடு ரயிலில் தொற்றி ஏறுகிற முகம். பன்னிரண்டு வருஷம் அவனைத் திட்டியிருக்கிறேன். அவன் பெயரைச் சொல்லி எத்தனை பையன்களை மிரட்டியிருக்கிறேன். அப்படி ஒருவன் பிறக்கவே இல்லை.

"எல்லாம் சாப்பாட்டுக்குப் போய்ட்டாங்க. டார்கெட் முடியலன்னு நாங்க ரெண்டு பேரு மட்டும் ஓட்டிக்கினு இருந்தோம்" என்றான் தாவீது. "ஆஸ்பத்திரில கண்ணு முழிச்சா எதுக்க எங்கம்மா நிக்குது. எவண்டா மெதிச்சான்னு கேட்டுச்சு. ஏற்கெனவே கொழந்த இல்லன்னு இவளைக் கரிச்சுக் கொட்டிக்கினு இருந்துச்சு. இவதான்னு சொல்லியிருந்தா அது இவளை வாழ வுட்டிருக்குமா? வாயில வந்துச்சு, ஒரு பையன்னேன். எங்க அவன்னாங்க. ஊருக்கு ஓடிட்டான்னேன். மொதலாளிக்கும் அதுவே தோதாப் போச்சு. அப்புறம் அந்தப் பையனை நான் எங்க போயி இட்டுக்கினு வர்றது?"

"என்கிட்டயும் அதேதான் சொன்னாரு" என்றாள் ஹெலன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். "எங்கிட்டயேண்ணா. பெட்டுகிட்ட போயி நான் வாயைத் தொறக்கறேன், பாத்தியா ஹெலனு, அந்தப் பையன் இப்டிப் பண்ணிட்டானேன்றாரு. நான் இன்னா பேசறது அதுக்கப்புறம்? யோவ், ஒரு நாளு, ஒரே ஒரு நாளு என்னைத் திட்டியிருக்கலாம் இல்ல? தூங்கும்போதுகூட அந்தக் கையை எங்கிட்டேர்ந்து ஒளிச்சு வெச்சுக்கினுதான தூங்குற!"

"நீ பாத்தா அழுவியேன்னுதான் ஒளிச்சேன்."

"நான் மெதிச்சதுனால ஒளிக்கறேன்னு நெனைச்சேன்."

ஒரே கூரைக்கடியில், ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டு, பன்னிரண்டு வருஷம். என் வீட்டுச் சுவரில் காதை வைத்திருந்தால்கூட எனக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்காது. பேசினால்தானே கேட்கும்? டீவிக்கடியில் இருந்த அந்தத் தையல் மெஷின் அப்போதுதான் என் கண்ணில் பட்டது. அதன் பெடல் ஒரு கயிற்றால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. நான் இதைப் பார்த்தா இத்தனை நாள் சிரித்தேன்?

எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். உட்கார்ந்தே இருந்தேன்.

"நீ தப்பா மெதிக்கல" என்றான் தாவீது. மெதுவாகப் பேசினான், வார்த்தையைத் தேடித் தேடி. "நான் ம்னு சொல்லணும், நீ மெதிக்கணும், அதான் நமக்குள்ள பேச்சு. ஒரு மாசம் சொன்னேன். அப்புறம் ஓட்டம் பழகிப்போச்சு. ம்னு சொல்ற நேரத்துல இன்னும் ரெண்டு தகடு போடலாமேன்னு சொல்றதையே வுட்டேன். அன்னிக்குத் தகடு மாட்டிக்கிச்சு. ரெண்டாவது தடவ கையை வுட்டேன். உன் காலு எப்பவும் போலதான் வந்துச்சு. நான் சொல்றதை வுட்டதுக்கு உன் காலு இன்னா பண்ணும்?"

"நீ சொல்லலன்னா நான் மெதிச்சிருக்கக் கூடாதுய்யா."

"சரி. நீயும் கேக்கல, நானும் சொல்லல. போதுமா?"

சந்தில் யாரோ பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். போல்ட்டு எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு, இவர்கள் பேச்சு முடிகிற மாதிரி இல்லை என்று முடிவு செய்ததுபோல, ஈரல் கிண்ணத்தில் வாயை வைத்தது.

தாவீது துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கீழே போட்டான். அந்த வலது கையை நான் முழுசாகப் பார்த்தது அப்போதுதான். கட்டைவிரல், அப்புறம் ஒன்றுமில்லை, அப்புறம் மோதிர விரலும் சுண்டு விரலும். அந்தக் கையாலேயே போல்ட்டின் காலைக் கீழேயிருந்து தாங்கிப் பிடித்தான். கட்டைவிரலும் மற்ற இரண்டு விரலும் இரண்டு பக்கமும் அணைத்துக்கொள்ள, நடுவே இருந்த அந்த வெறும் இடத்தில் வளைந்த நகம் வந்து நின்றது. இடது கையால் நாயின் கழுத்தைத் தடவினான். ஒரு பெருமூச்சு விட்டான். நாயும் விட்டது.

"கத்தரியை எடு" என்றான்.

"யோவ், அந்தக் கை வேணாம்யா. இடது கையில புடி."

"இதுலதான் நிக்குது பாரு. எடு."

வேண்டாம் என்று கையை நீட்டினேன். அவள் கத்தரியை எடுத்தாள். அவன் விரல்கள் இருந்த இடத்துக்குள் அதைக் கொண்டுபோனாள். அதன் வாய் நகத்தின் நுனியைக் கவ்வியது. ஒரு பக்கம் அவன் கட்டைவிரல், இன்னொரு பக்கம் மோதிர விரல், இரண்டுக்கும் கத்தரிக்கும் நடுவே அரை விரல் இடம்கூட இல்லை.

"இன்னிலேர்ந்து சொல்றேன்" என்றான் தாவீது. "நான் சொன்னாத்தான் வெட்டணும். சொல்லலன்னா வெட்டாத. எவ்ளோ நேரமானாலும் வெட்டாத."

அவள் தலையை ஆட்டினாள். அவள் காலைப் பார்த்தேன். வலது காலை வெளியே எடுத்து நீட்டியிருந்தாள். அது நடுங்கவில்லை. கையும் நடுங்கவில்லை. அவனும் கண்ணை மூடவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் உடனே சொல்லவில்லை. அவள் காத்திருந்தாள். போல்ட்டு ஈரலை மென்றுகொண்டிருந்தது.

"ம்" என்றான் தாவீது.

டக்.

அரிசி அளவு கறுப்புத் துண்டு ஒன்று டைல்ஸில் விழுந்தது. ரத்தம் இல்லை. போல்ட்டு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஹெலன் அந்தத் துண்டைப் பார்த்தாள். பிறகு புருஷனின் கையைப் பார்த்தாள், ஒவ்வொரு விரலாக, இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. அப்போதுதான் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, கத்தரியை மறுபடி பிடித்தாள்.

"இன்னும் கொஞ்சம் எடுக்கணும்" என்றாள். "சொல்லுய்யா."

அவன் சொன்னான்.